மக்கள் என்றால் எந்தத் தெரு?

தோழர்களே, 1993இல் இராமநாதபுரத்தில் தொடங்கியது 'பிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்'. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் வதைபட்டு இறந்தபின் அரசே அதைத் தடை செய்தது. மக்களோடு சேர்ந்த காவல் என்றார்கள். எந்த மக்கள்? ஊர்த்தெருவா, சேரியா? நிலையத்தில் நாற்காலி யாருக்கு?

நமக்குக் கிடைப்பது 'பேசி முடிச்சுக்கங்க' என்ற புத்திமதி, மிஞ்சினால் சி.எஸ்.ஆர். ரசீது. வன்கொடுமைப் புகாருக்கு முன்விசாரணை இல்லாமலே முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்கிறது 2018இல் சேர்த்த 18ஏ பிரிவு. சொன்னதை எழுதி, வாசித்துக்காட்டி, பிறகே கையெழுத்து வாங்க வேண்டும், நகலை உடனே தர வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. தவறும் தலித், பழங்குடி அல்லாத அதிகாரிக்கு 6 மாதம் முதல் ஓராண்டு சிறை. (அதற்கும் துறை விசாரணையின் பரிந்துரை வேண்டுமாம்!)

மாணவர்களே, புகார் கொடுக்கப் போகும் அம்மாவோடு நீங்களும் போங்கள். வாசித்துக்காட்டச் சொல்லுங்கள்.