நோயாளிகளை ஏன் குலுக்கலில் பிரித்தார்கள்?

(கணித ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்பில் புள்ளியியலையும் நிகழ்தகவையும் ஒரே இயலில் வைத்திருக்கிறோம். ஆனால் வகுப்பறையில் இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை. திட்ட விலக்கம் ஒரு பக்கம், பகடையும் சீட்டுக்கட்டும் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து ஒரு பெரிய மருத்துவக் கேள்விக்கு விடை சொன்ன இடம் நம் சென்னை. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

1950-களில் காசநோய்க்கு மருந்து வந்துவிட்டது. ஆனாலும் நோயாளியை சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கவைத்து, ஓய்வும் சத்தான உணவும் தந்தால்தான் குணமாகும் என்றே மருத்துவர்கள் பலரும் நம்பினார்கள். நம் நாட்டிலோ நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் மிகச் சொற்பம். வீட்டில் வைத்தே மாத்திரை கொடுத்தால் என்ன? இதைச் சோதிக்க 1956-இல் சென்னையில் ஒரு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கைகோத்தன. சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் இன்றைய வடிவம்.

மொத்தம் 193 நோயாளிகள். எல்லோருக்கும் ஒரே மருந்து: ஐசோனியசிட்டும் பாஸும், ஓராண்டுக்கு. ஒரு பாதிப் பேருக்கு சானடோரியத்தில், மறு பாதிப் பேருக்கு நெரிசலான அவரவர் வீட்டில். யார் எங்கே என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை, நோயாளியும் கேட்டுப் பெறவில்லை. சமவாய்ப்பு முறை முடிவு செய்தது.

இதைக் கேட்டதும் என் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "சார், உயிர் விஷயத்தில் குலுக்கல் போடுவது பாவம் இல்லையா?" என்றாள். நல்ல கேள்வி. விடையைக் கணிதத்திலிருந்தே சொல்லலாம். மருத்துவரே பிரித்தால் என்ன நடக்கும்? இரக்கப்பட்டு, மோசமான நிலையில் இருப்பவர்களை சானடோரியத்துக்கு அனுப்புவார். கடைசியில் வீட்டுக் குழு நன்றாகத் தேறியிருந்தால், அது வீட்டாலா, முதலிலேயே நோய் குறைவாக இருந்ததாலா? பிரிக்கவே முடியாது. குலுக்கலுக்கு இரக்கமும் தெரியாது, சிபாரிசும் தெரியாது. வயது, நோயின் தீவிரம், நாம் அளக்கவே நினைக்காத காரணங்கள் எல்லாமே இரு குழுக்களிலும் ஏறக்குறைய சமமாக விழும். தவிர, எது நல்லது என்று யாருக்குமே தெரியாத நிலையில்தான் இந்தக் குலுக்கல் நடந்தது. தெரிந்த பிறகு போட்டால்தான் பாவம்.

ஓராண்டு முடிவில் சானடோரியக் குழுவில் நூற்றுக்கு 92 பேர் கிருமி இல்லாத நிலையை எட்டினார்கள். வீட்டுக் குழுவில் 86 பேர். மாணவர்கள் உடனே "சானடோரியம்தான் ஜெயித்தது" என்பார்கள். இந்த இடத்தில் நாணயத்தைக் கையில் எடுங்கள். இரண்டு மாணவர்களை ஆளுக்கு நூறு முறை சுண்டச் சொல்லுங்கள். நாணயம் ஒன்றேதான், ஆனாலும் தலைகளின் எண்ணிக்கையில் ஆறு, ஏழு வேறுபடுவது சர்வ சாதாரணம். 90-ஐ ஒட்டிய விகிதத்தில் இந்த ஆட்டம் கொஞ்சம் குறையும் என்பது உண்மை. ஆனால் குழுவுக்கு நூறு பேர்கூட இல்லாத ஆய்வில், ஆறு என்பது தற்செயலாகவே வரக்கூடிய வேறுபாடுதான். ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தபோது இரு குழுக்களுமே ஏறக்குறைய 90-இல் வந்து நின்றன.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு உணவு நன்றாகக் கிடைத்தது, எடையும் கூடுதலாக ஏறியது. ஆனால் நோயை விரட்டியது மருந்துதான். வீட்டில் இருந்த குழந்தைகளுக்குத் தொற்றிவிடுமே என்பதுதான் பெரிய பயம். குடும்பத்தாரையும் ஆய்வாளர்கள் தொடர்ந்து பரிசோதித்தார்கள். நோயாளியை வீட்டில் வைத்துச் சிகிச்சை தந்ததால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து வந்ததாகத் தெரியவில்லை. 1959-இல் இந்த முடிவுகள் வெளியாயின. வீட்டிலேயே சிகிச்சை என்பது பிறகு உலக நாடுகளின் நடைமுறையானது.

இந்த முறைக்கு முன்னோடி, பிரிட்டனில் 1948-இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு. ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியலாளர் வடிவமைத்தது. யாருக்கு மருந்து என்பது ஒட்டிய உறைக்குள் இருந்தது. எக்ஸ்ரே படங்களைப் பார்த்தவர்களுக்கு அது எந்தக் குழுவின் படம் என்று சொல்லப்படவில்லை. பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம்! ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள். இந்த வேறுபாட்டைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

வகுப்பில் செய்துபார்க்க: நாற்பது மாணவர்களின் உயரத்தை எழுதிக்கொள்ளுங்கள். முதலில் வகுப்புத் தலைவனை இரண்டு குழுவாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். இரண்டு முறையும் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் கண்டுபிடிக்கட்டும். குலுக்கலை ஐந்தாறு முறை திரும்பச் செய்யுங்கள். ஒருமுறை பார்த்தால் குலுக்கலும் ஏமாற்றும்.