விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது உபயோகமாப் பேசுங்க சார்" என்று செயலாளர் சொன்னார். வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படி என்று பேசுகிற அளவுக்கு எனக்கு விஷயம் போதாது. ஒரு காரை எத்தனை வருஷம் வைத்திருக்கலாம் என்பது மட்டும் கொஞ்சம் தெரியும். வெளியே மரத்தடியில் நிற்கும் வண்டிகளைப் பார்த்தால், இந்தப் பேச்சுக்கு இங்கே ஆள் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

நம் அப்பாக்கள் காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. அம்பாசிடர், பத்மினி, நம்ம சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அவ்வளவுதான். பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படி வந்த வண்டியை எவன் விற்பான்? பட்டறையில் லேத்து பிடிக்கிறவரே பாதி உதிரி பாகத்தைச் செய்து கொடுத்துவிடுவார். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1991-க்குப் பிறகு ஒவ்வொரு கம்பெனியாக வந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தபோது, 'மாற்றலாமா?' என்ற அரிப்பும் கூடவே வந்துவிட்டது. அம்பாசிடர் 2014-ல் நின்றே போனது.

நான் 2003 மே மாதம் ஒரு சின்னக் கார் வாங்கினேன். எல்லாச் செலவும் சேர்த்து 2,40,000 ரூபாய். வேங்கிக்காலில் எங்கள் தெருவில் அப்போது அது நாலாவது கார். வாங்கிய அன்றே ஒரு நோட்டுப் போட்டேன். காரணம், இதே கல்லூரியில் படித்த ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பேப்பர். அதில் ஒரு பாடம் உண்டு, இயந்திரத்தை எப்போது மாற்றுவது என்று. பரீட்சைக்காகப் படித்ததில் வாழ்க்கைக்குப் பயன்பட்டது எனக்கு அது ஒன்றுதான். (மற்ற ஆசிரியர்கள் மன்னிக்கவும்.)

பாடம் சுலபம். காரால் உங்களுக்கு இரண்டு நஷ்டம். ஒன்று, அதன் விலை இறங்குவது. இரண்டாவது, ரிப்பேர். விலை இறங்குவது ஆரம்பத்தில்தான் பயங்கரம். இன்சூரன்ஸ் கம்பெனிகள் வண்டி மதிப்புப் போடும் பட்டியலே சாட்சி: ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் கழிவு, ஒரு வருஷம் வரை 15, இரண்டு வருஷம் வரை 20, அப்புறம் 30, 40, ஐந்தாம் வருஷத்தில் 50. பாதி போய்விட்டது! அதன் பிறகு இறங்குவது மெதுவாகிவிடும். ரிப்பேரோ நேர் எதிர், வயது ஏற ஏற ஏறும். இரண்டையும் கூட்டி, ஓடிய வருஷத்தால் வகுத்தால் சராசரி வரும். அடுத்த ஒரு வருஷத்துக்கு ஆகப்போகிற செலவு இந்தச் சராசரிக்குக் கீழே இருக்கும் வரை வண்டியை வைத்துக்கொள்ளலாம். மேலே போனால் விற்றுவிட வேண்டும். எத்தனை வயது என்பது கணக்கிலேயே இல்லை, கவனியுங்கள்.

என் நோட்டைச் சொல்கிறேன். ஐந்து வருஷ முடிவில் வண்டி 1,20,000 போகும் என்றார்கள். அதுவரை ரிப்பேர் 25,000. ஆக மொத்த நஷ்டம் 1,45,000, வருஷத்துக்கு 29,000. அந்தச் சமயத்தில் என் மைத்துனர், "அஞ்சு வருஷம் ஆச்சே மாமா, மாத்திடுங்க" என்றார். மாற்றியிருந்தால் மறுபடியும் அந்த முதல் ஐந்து வருஷச் சரிவை நான் வாங்கியிருப்பேன். மாற்றவில்லை. பத்து வருஷ முடிவில் வண்டி மதிப்பு 60,000, மொத்த ரிப்பேர் 85,000, சராசரி 26,500 ஆகக் குறைந்தது. பதின்மூன்றாம் வருஷம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்து 26,200 அளவில் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினாலாம் வருஷம் ரிப்பேர் மட்டும் 31,000. விலை இறக்கத்தையும் சேர்த்தால் 36,000. கணக்கு 'விற்றுவிடு' என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. நான் என்ன செய்தேன்? 'இது ஒரு தடவை வந்த செலவு' என்று பக்கத்தில் பென்சிலால் எழுதி, 2018 மே மாதம் ஆர்.சி. முடிவதற்குள் விற்றுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. விற்கப் போகிற வண்டிக்கு யார் செலவு செய்வார்கள்? "சார், டைமிங் பெல்ட்ட மாத்திடுங்க, கிலோமீட்டர் தாண்டிடுச்சு" என்று வேலூர் ரோட்டு மெக்கானிக் இரண்டு முறை சொன்னார். "விக்கப் போறேன்பா, வாங்குறவன் மாத்திப்பான்" என்றேன். டயரையும் அப்படியே விட்டேன். அந்தப் பதினைந்தாம் வருஷம் நோட்டில் ரிப்பேர் வெறும் 8,000. 'பார்த்தாயா, வண்டி தேறிவிட்டது' என்று நானே என்னை ஏமாற்றிக்கொண்டேன். செய்யாத வேலைக்கு நோட்டில் இடம் கிடையாது, அதனால்தான் கணக்கு அழகாக இருந்தது.

2018 பிப்ரவரியில் ஒரு ராத்திரி, மணி ஒன்றரை இருக்கும். அப்பாவுக்கு நெஞ்சு வலி. 108-ஐக் கூப்பிட்டிருக்க வேண்டும். நம்மூரிலேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே போயிருக்க வேண்டும். அப்பாவுக்கு வேலூரில் வைத்தியம் பார்த்துப் பழக்கம், 'நம்ம கார் இருக்கே' என்று கிளம்பிவிட்டேன். போளூர் தாண்டி, கண்ணமங்கலத்துக்கு முன்னால், வண்டி ஒரு சத்தமும் போடாமல் நின்றது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் லேசாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பெல்ட் அறுந்துவிட்டது. இருட்டு. அப்பா பின் சீட்டிலிருந்து, "என்னப்பா ஆச்சு, பெட்ரோல் இல்லையா?" என்று கேட்டார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம்தான் 108-க்குப் போன் போட்டேன். வந்தார்கள், நல்லபடியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஆனால் ரோட்டோரத்தில் நாற்பது நிமிஷம் போய்விட்டது.

அப்பா பிழைத்துக்கொண்டார். இதயத்தில் ஒரு பகுதி பழையபடி திரும்பவில்லை. டாக்டர் என்னை ஒன்றும் சொல்லவில்லை, நேரம் எவ்வளவு ஆயிற்று என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். பௌர்ணமி தவறாமல் 14 கிலோமீட்டர் மலை சுற்றியவர், அதன் பிறகு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷம் அப்படி இருந்தார்.

பெல்ட்டுக்கு ஆகியிருக்கக்கூடிய செலவு, கூலியோடு சேர்த்தும், சில ஆயிரம்தான்.

பழைய வண்டி வைத்திருப்பது தப்பு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினைந்து வருஷம் ஆனால் வண்டியை உடைக்கத்தான் வேண்டும் என்று நம்மூரில் பலர் பயப்படுகிறார்கள். அது டில்லி வட்டாரத்துச் சங்கதி. அங்கே டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 என்ற கெடுவை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அரசு வண்டிகளுக்கும் 2023 ஏப்ரலிலிருந்து 15 வருஷத்துக்கு மேல் பதிவு நீட்டிப்பு கிடையாது. நம்மைப் போன்றவர்களின் சொந்தக் காருக்குப் பதினைந்தாம் வருஷம் ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். அதையும் நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் சேராதது இன்னொன்றும் உண்டு. 2019-ல்தான் எல்லாப் புதுக் கார்களிலும் டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயமானது. ஏ.பி.எஸ். பிரேக்கும் அந்த வருஷம்தான். முன்சீட்டில் பக்கத்தில் உட்காருகிறவருக்கு ஏர்பேக் 2021 கடைசியில்தான் எல்லா மாடலுக்கும் வந்தது. அதற்கு முந்தைய வண்டியில் தினமும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பைபாஸில் போகிறவர், என் சராசரிக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு வேறு விதமாக யோசிக்கலாம். வாரத்துக்கு ஒரு முறை மார்க்கெட்டுக்குப் போகிறவருக்கு அந்த அவசரம் இல்லை. அண்ணாமலையார் தேர் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மட்டும்தானே ஓடுகிறது!

அந்தக் காரை அந்த மார்ச் மாதமே, பெல்ட் மாற்றி, 22,000-க்குக் கொடுத்துவிட்டேன். வாங்கியவரிடம் என்னென்ன வேலை பாக்கி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அடுத்து வாங்கிய வண்டிக்கும் நோட்டு இருக்கிறது, ஆனால் முறை மாறிவிட்டது. வருஷத்துக்கு ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பேன். 'விற்கிறேன்' என்று எழுதினால் ஒரு மாதத்துக்குள் விற்றாக வேண்டும். 'வைத்துக்கொள்கிறேன்' என்று எழுதினால், பத்து வருஷம் ஓட்டப்போகிறவன் மாதிரி அன்றைக்கே எல்லா வேலையும் பார்த்துவிட வேண்டும். நடுவில் நிற்பது கிடையாது.

போன தடவை 'வைத்துக்கொள்கிறேன்' என்று எழுதினேன். டயரில் பட்டன் நன்றாகவே இருந்தது. ஆனால் ஓரத்தில் அச்சடித்திருக்கும் நாலு எண்ணைப் பார்த்தேன். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருஷம். 18 என்று இருந்தது. நான்கையும் மாற்றச் சொன்னேன், பெல்ட்டையும் சேர்த்து.

"இவ்ளோ செலவு பண்றீங்களே, நல்ல விலைக்கு விக்கப் போறீங்களா சார்?" என்றார் மெக்கானிக்.

"இல்லப்பா, வெச்சுக்கப் போறேன்" என்றேன்.