இரண்டாவது பாதி

மாரத்தான் ஓடி வந்தவரைப் பார்த்தால் எல்லோரும் கேட்பது, "எத்தனை மணி நேரத்தில் முடித்தீர்கள்?" என்றுதான். ஓட்டப் பயிற்சி தருகிறவன் என்பதால் நான் கேட்பது வேறு. முதல் பாதிக்கு எவ்வளவு நேரம், இரண்டாவது பாதிக்கு எவ்வளவு?

மாரத்தான் தூரம் 42.195 கிலோமீட்டர். நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க, கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி ஆகலாம். கால் ஓய்ந்திராத காலை வேளையில் அந்த வேகம் நடை போலத் தோன்றும். பக்கத்தில் ஓடுகிறவர் முந்துவார், கூட்டம் கைதட்டும். "முன்னாடியே கொஞ்சம் நேரத்தைச் சேர்த்து வெச்சுக்கறேன் சார்" என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சேராது, நேயர்களே! வேகம் கூடக் கூட, உடல் கொழுப்பைக் குறைவாகவும் தசையிலும் கல்லீரலிலும் சேமித்துள்ள மாவுச்சத்தான கிளைக்கோஜனை அதிகமாகவும் எரிக்கிறது. கிளைக்கோஜன் அளவோடுதான் இருக்கிறது. பலருக்கு அது 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் வற்றிவிடும். பிறகு மனம் எவ்வளவு கெஞ்சினாலும் கால் கேட்காது.

என்னிடம் வந்த வங்கி ஊழியர் ஒருவர் முதல் பாதியை 1 மணி 52 நிமிடத்தில் ஓடிவிட்டு, மொத்தம் 4 மணி 11 நிமிடத்தில் முடித்திருந்தார். அடுத்த முறை பாதி தூரத்தை இரண்டு மணி நேரம் ஆவதற்குச் சற்று முன்புதான் கடந்தார். முடித்தது 3 மணி 58 நிமிடத்தில்! அவர் நேரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "கடைசி பத்து கிலோமீட்டர்ல என்னை யாருமே முந்தலை சார், நான்தான் முந்திக்கிட்டே வந்தேன்" என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

இனி எனக்கு மிகவும் பிடித்த ஓட்டத்துக்கு வருகிறேன். 2022 பெர்லினில் கென்யாவின் எலியுட் கிப்சோகே முதல் பாதியை 59 நிமிடம் 51 விநாடியில் கடந்து, 2:01:09 என்ற உலக சாதனையோடு முடித்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில், சிகாகோவில் அதே நாட்டின் கெல்வின் கிப்டம் பாதி தூரத்தைக் கடந்தபோது 60 நிமிடம் 48 விநாடி ஆகியிருந்தது. அதாவது, கிப்சோகேவின் பெர்லின் நேரத்தைவிட 57 விநாடி பின்தங்கியிருந்தார். முடித்தபோதோ 34 விநாடி முந்தியிருந்தார்: 2:00:35! இரண்டாவது பாதிக்கு 59 நிமிடம் 47 விநாடிதான். 30-க்கும் 35-க்கும் இடைப்பட்ட ஐந்து கிலோமீட்டரை 13 நிமிடம் 51 விநாடியில் ஓடினார். மற்றவர்கள் துவண்டு போகும் இடம் அது! அவர் ஓடிய மாரத்தான்கள் வலென்சியா, லண்டன், சிகாகோ என்று மூன்றே மூன்று. மூன்றிலும் இரண்டாவது பாதிதான் வேகமானது. 2024 பிப்ரவரியில், 24 வயதில், கென்யாவில் சாலை விபத்தில் இறந்துவிட்டார். அந்தச் சிகாகோ ஓட்டத்தைப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் போட்டுக் காட்டுகிறேன்.

நேரம் குறைவாக இருக்கிறது, ஒன்றிரண்டு விஷயம் மட்டும். பாதையை வளைவுகளில் மிகக் குறுகிய கோட்டில்தான் அளப்பார்கள். நாம் அப்படியே ஓடுவதில்லை, அதனால் கையில் உள்ள வாட்ச் 42.6 என்றுகூடக் காட்டலாம். ஆகவே நான்கு மணி நேர இலக்குக்கு வாட்சில் 5:38 என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியிலுள்ள கிலோமீட்டர் பலகைகளைத்தான் நம்புங்கள். நேரம் எழுதிய கொடியோடு ஓடும் பேசர் இருந்தால் அவரோடு சேர்ந்து போகலாம். சென்னை போன்ற புழுக்கமான ஊரில் விடிந்ததும் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்கும். அதனால் இலக்கையே சற்றுத் தளர்த்தி வையுங்கள், தொடக்கத்தில் பாய வேண்டாம்.

வருகிற ஜனவரியில் சென்னையில் ஓடப்போகிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். உங்கள் கடைசி ஐந்து கிலோமீட்டர் முதல் ஐந்தைவிட வேகமாக அமைய வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறேன்.