முப்பத்தொன்பது இலக்கப் பகா எண்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஓர் எண். 127 இரண்டுகளைப் பெருக்கி, வரும் தொகையிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது அது: 170141183460469231731687303715884105727. இது 39 இலக்கங்கள் கொண்ட பகா எண். ஒன்றும் தானுமன்றி வேறெவ்வெண்ணும் இதனை மீதியின்றி வகுப்பதில்லை. 1876 முதல் 1951 வரை மனிதர் அறிந்த பகா எண்களுள் மிகப் பெரியது இதுவே.

இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்துப் பகா எண் பெற வேண்டுமாயின், அவ்வடுக்கும் பகா எண்ணாதல் வேண்டும். எனினும் அது மட்டும் போதாது. 11 பகா எண்ணே. ஆனால் 2¹¹ − 1 என்பது 2047. அது 23ஐ 89ஆல் பெருக்கக் கிடைப்பது.

எந்த அடுக்குகள் பகா எண்ணைத் தரும்? 257 வரையுள்ள அடுக்குகளுக்குப் பிரெஞ்சுத் துறவி மரீன் மெர்சேன் 1644இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 67உம் 127உம் இடம்பெற்றன. இரண்டுக்கும் அவர் நிறுவல் தரவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அவ்விரண்டும் ஐயத்திலேயே இருந்தன.

1876இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எடுவார் லூக்கா, வகுத்துப் பாராமலே முடிவு காணும் வழியொன்றைக் கண்டார். பின்னர் லெமர் அதனை எளிமையாக்கினார். அவ்வடிவை 2⁵ − 1 ஆகிய 31இல் காண்போம். 4இல் தொடங்குக, வர்க்கப்படுத்தி 2ஐக் கழிக்க 14. மீண்டும் அவ்வாறே செய்ய 194; அதனை 31ஆல் வகுக்க மீதி 8. எட்டின் வர்க்கத்தில் 2 குறைய 62, மீதி சுழியம். அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளில், அதாவது மூன்றாம் படியில், சுழியம் வந்தமையால் 31 பகா எண். 127க்கு இவ்வாறு 125 படிகள் வேண்டும்.

லூக்கா அளித்த தீர்ப்பு இதுதான்: 127 குறித்து மெர்சேன் கூறியது சரி; 67 குறித்துக் கூறியது தவறு. 2⁶⁷ − 1 பகா எண் அன்று என அவர் நிறுவியபோதும், அதன் காரணிகள் எவையென அறியப்படவில்லை. 1903இல்தான் அமெரிக்கரான ஃபிராங்க் நெல்சன் கோல் அவற்றைக் காட்டினார்: 193707721, 761838257287. இவற்றைப் பெருக்கிப் பார்ப்பதை மாணவர்களுக்கே விடுகிறேன். தாளும் எழுதுகோலும் போதும்.

மெர்சேன் சொன்ன சரியான விடையும் தவறான விடையும் ஒரே பட்டியலில் அருகருகே நின்றன. நிறுவல் வரும்வரை அவற்றை வேறுபடுத்த எவராலும் இயலவில்லை. ஆதலின் ஆசிரியப் பெருமக்களே, விடை மட்டும் எழுதிய மாணவனிடம் வழியைக் கேளுங்கள். மாணவர்களே, ஆசிரியர் சொன்னார் என்பதற்காக மட்டும் எதையும் ஏற்காதீர்கள், "எப்படி?" என்று பணிவுடன் கேளுங்கள். அக்கேள்விக்கு இடமளிக்கும் வகுப்பறையில்தான் கணிதம் வளரும்.