பச்சைக் கறை



ஆறு மணிக் கூட்டம், தோபிகானாவில் துணி வெளுத்து முடித்த கையோடு வருகிறவர்களுக்கு. ஆறேமுக்கால் வரை தலைவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "கோரம் சேரட்டும் சார்" என்றார். கூட்டம் தொடங்க இத்தனை தலை வேண்டும் என்ற கணக்கு அது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. நான் பேச வந்த விஷயமே அதுதான். புண்ணுக்குள் இருக்கிற கிருமியும் கோரம் சேரட்டும் என்றுதான் காத்திருக்கிறது.

முதலில் ஒரு கறையைச் சொல்கிறேன். பட்டாளத்துச் சீருடை வெளுக்க இந்தக் கொச்சிக் கரைக்கு வந்தவர்களின் பிள்ளைகளிடம் கறையைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். காயத்துக்குக் கட்டிய துணியில் சில நேரம் நீலமும் பச்சையுமாக ஒரு கறை ஏறும். அது எங்கிருந்து வருகிறது என்று துருவிப் பார்த்தவர் பாரீஸ்காரர் கார்ல் ஜெசார். அந்தக் கிருமியை 1882-ல் பிரித்துக் காட்டினார். இன்று நாம் சூடோமோனாஸ் என்கிறோம். தீப்புண், சர்க்கரைக்காரர் காலில் ஆறாத புண், ஆபரேஷன் தையல், எங்கும் குடியேறும். ஈரம் என்றால் அதற்கு உயிர்.

இது தனியாக இருக்கும்போது பரம சாது. ஒரு சின்ன ரசாயனத்தைக் கசியவிட்டுக்கொண்டு சும்மா கிடக்கும். பக்கத்தில் இன்னொன்று, அதன் பக்கத்தில் பத்து, ஆயிரம் என்று பெருகப் பெருக அந்த ரசாயனமும் கூடும். ஓர் அளவைத் தாண்டியதும் அத்தனையும் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்கும். சதையைக் கரைக்கிற நொதி, நஞ்சு, மருந்து எளிதில் புகாதபடி மேலே போர்த்திக்கொள்கிற வழவழப்பான படலம், கூடவே அந்தப் பச்சைச் சாயம். ஆக, துணியில் கறை தெரிகிறது என்றால் உள்ளே கூட்டம் நடந்து தீர்மானமும் நிறைவேறிவிட்டது.

ரசாயனத்தால் கிருமிகள் பேசிக்கொள்கிற இந்தப் பேச்சு முதலில் பிடிபட்டது புண்ணில் இல்லை, கடலில். ஒளிரும் கடல் பாக்டீரியா, கூட்டம் சேர்ந்த பிறகுதான் விளக்கேற்றுகிறது என்று 1970-ல் அமெரிக்காவில் கண்டார்கள். (நம் கும்பளங்கித் தண்ணீரில் இரவில் மின்னுகிற கவரு என்ற ஒளி வேறு, அதைப் பாக்டீரியா கணக்கில் சேர்க்காதீர்கள்.) 'கோரம்' என்ற சொல்லையே இதற்கு 1994-ல் வைத்தார்கள்.

ஆன்டிபயாட்டிக் என்ன செய்கிறது? கொல்கிறது. சொத்தைகள் சாகும், முரடர்கள் தங்குவார்கள், அவர்கள் குடும்பம் பெருகும். கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனம் வகைக்கும் அடங்காத சூடோமோனாஸை, உலக சுகாதார நிறுவனம் 2017-ல் மிக அவசரப் பட்டியலில் போட்டது. மாநில அளவில் இப்படி மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கென்று முதலில் செயல்திட்டம் போட்டது நம் கேரளம், 2018-ல். டாக்டர் சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் கேட்டால் மருந்துக் கடைக்காரர் முறைக்கிறாரே, அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

கொல்லாமல், பேச்சை மட்டும் கெடுத்தால்? அதற்கான பொருள்கள் எங்கே கிடைத்தன தெரியுமா? நம் ஜூ டவுன் மசாலா குடோன்களில் மூட்டை மூட்டையாக நாம் சுமந்த சரக்கில்! நசுக்கிய பூண்டில் உண்டாகும் அஜோயீனை டென்மார்க்கில் சோதித்தார்கள். இஞ்சியை வேகவைத்தால் வரும் ஜிஞ்சரோனை சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகத்தார் 2015-ல் சூடோமோனாஸ் மேல் வைத்துப் பார்த்தார்கள். பட்டை, கிராம்பு எல்லாம் வரிசையில் உண்டு. தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வகம் இருக்கிறது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தார் கடல் பொருள்களில் தேடுகிறார்கள்.

உடனே வீட்டுக்குப் போய்க் கிராம்பைப் பொடித்துப் புண்ணில் அப்பிவிடாதீர்கள், சாமி! செறிவான கிராம்பு எண்ணெய் சதையையும் பொசுக்கும். மருந்தாக இது கடைக்கு வர நாளாகும். கிருமியும் சும்மா இல்லை. பேச்சைக் கெடுக்கிற ஃப்யூரனோன் என்ற பொருளை உள்ளே வரவர இறைத்து வெளியே தள்ளுகிற வகைகளை 2012-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இதோ ஒரு படம். தட்டு முழுக்க ஊதா நிறம். கோரம் சேர்ந்தால் ஊதா பூசிக்கொள்கிற வேறொரு பாக்டீரியா இது. நடுவில் ஒரு துளி கிராம்பு எண்ணெய். துளியைச் சுற்றி ஊதா வெளுத்த வளையம் தெரிகிறதா? அங்கே கிருமி உயிரோடுதான் இருக்கிறது, சாயம் மட்டும் இல்லை. சாயங்காலம் இதை ஒரு பெரியவரிடம் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "கறை போச்சு தம்பி, அழுக்கு போகலையே" என்றார்.

நியாயமான கேள்வி. அழுக்கை வெளுக்க நம் ரத்தத்தில் வெள்ளணுக்கள் இருக்கின்றன. கோரம் கூடிய சூடோமோனாஸ், நுரைக்கிற சோப்புப் போன்ற ஒன்றைக் கக்கி அந்த வெள்ளணுக்களையே உடைத்துப் போடுகிறது. பேச்சு அறுந்தால் அந்தச் சோப்பு குறையும், வெள்ளணு பிழைத்துத் தன் வேலையைப் பார்க்கும். ஆனால் சர்க்கரை ஏறிய உடம்பில் வெள்ளணுவே சுணங்கிக் கிடக்கும். அதனால்தான் பேச்சைக் கெடுக்கிற பொருளையும் பழைய ஆன்டிபயாட்டிக்கையும் சேர்த்துக் கொடுத்து இப்போது ஆய்வகங்களில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.