குழாய் இருக்கிறதே என்று இருந்துவிடலாமா?

வாயால் விழுங்க முடியாதவர்களுக்கு உணவு கொடுக்க முக்கியமாக இரண்டு வழி உண்டு. ஒன்று, மூக்கு வழியே இறங்கும் குழாய். இன்னொன்று, வயிற்றில் சிறு துளையிட்டு நேரே இரைப்பைக்குள் வைக்கும் குழாய். பெரிய அறுவை சிகிச்சை இல்லாமல் எண்டோஸ்கோப் உதவியோடு அதை வைக்கும் முறையை 1979-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் காடரர், பான்ஸ்கி என்ற மருத்துவர்கள் செய்து காட்டினார்கள்.

குழாய் வைத்தாயிற்று, இனிப் புரையேறாது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் மூளைவாதம் கடுமையாக உள்ள பிள்ளைகளுக்கு இரைப்பையில் விட்ட உணவு எதுக்களித்து நுரையீரலுக்குள் போகலாம். நிமோனியாவில் கொண்டுபோய் விட்டுவிடும். அதனால் மல்லாக்கப் படுக்கவைத்துக் கொடுக்காதீர்கள். தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்துங்கள். கொடுத்து முடித்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும்.

குழாயில் விடும் கஞ்சியை வடிகட்டுங்கள். மருந்தை அதில் கலக்காமல் தனியே கொடுத்து, முன்னும் பின்னும் தண்ணீர் விடுங்கள், அடைப்பு வராது. வயிற்றுக் குழாய் கழன்றால், 'காலையில் பார்க்கலாம்' என்று இருக்காதீர்கள். சில மணி நேரத்திலேயே துளை மூடத் தொடங்கிவிடும்.

இன்னொன்று. வாயால் சாப்பிடாதவருக்கும் தினமும் பல் துலக்கிவிட வேண்டும். அழுக்கு வாயின் எச்சில் நுரையீரலுக்குள் இறங்கினாலும் நிமோனியாதான்!