மேனியில் பூசுவதும் அமானத்தே
(பிளஸ் டூ முடித்த மாணவ மாணவியருக்கான கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

டாக்டர், இன்ஜினியர், ஆசிரியர் ஆகிய மூன்று படிப்புகளைப் பற்றி இங்கே யாரும் விளக்கத் தேவையில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு வேதியியலில் நல்ல மதிப்பெண் இருக்கிறது. ஆனால் "கெமிஸ்ட்ரி படித்தால் டீச்சர் வேலைதானே?" என்று கேட்டு, அந்தப் பேச்சைப் பெற்றோர் முடித்துவிடுகிறார்கள். இன்று நான் சொல்ல வந்தது அதே வேதியியல் வழியில் உள்ள இன்னொரு தொழில். அதன் பெயர் காஸ்மெடிக் கெமிஸ்ட். அழகுசாதனப் பொருள் தயாரிக்கும் வேதியியலாளர். இதைப் பியூட்டி பார்லர் வேலை என்று எண்ணிவிட வேண்டாம். சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்கு எண்ணெய், குழந்தைக்குப் பூசும் பவுடர் என்று நாம் காலை முதல் இரவு வரை பயன்படுத்தும் அத்தனையிலும் எது எவ்வளவு சேர வேண்டும் என்று கணக்கிடுகிறவர் அவர்.

அவர் செய்யும் வேலையை நம் ஊர்ப் பொருள்களைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு மூலப்பொருள் பால். பாலில் கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் கலந்து நிற்கின்றன. முகத்துக்குப் பூசும் கிரீமும் அப்படிப்பட்ட கலவைதான். எண்ணெய்ப் பகுதியையும் தண்ணீர்ப் பகுதியையும் தனித்தனியே சுமார் 70 டிகிரி வரை சூடாக்கி, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் பொருளோடு கலந்து, ஆறிய பிறகு வாசனை சேர்க்கிறார்கள். அந்தக் கலவை நம் சித்திரை வெயிலில் பிரியாமல் நிற்குமா, அதில் கிருமி வளருமா, தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று மாதக்கணக்கில் சோதிக்கிறார்கள். ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி தயாரிக்கிறார்களே, பருத்தியில் இயற்கையாக உள்ள மெழுகை நீக்கினால்தான் அது ஈரத்தை உறிஞ்சும். அதுவும் இதே அறிவியல்தான்.

இந்த வேலையை அமானத் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கலில் மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கசியும் ஒரு வகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அரிதான ஒரே வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுப்பாக்கும் கிரீம் பூசியவர்கள். இத்தகைய கிரீம்களில் கலக்கப்படும் பாதரசம், தோலுக்கு நிறம் தரும் பொருள் உண்டாகாமல் தடுக்கிறது. முகம் வெளுக்கிறது. ஆனால் அந்தப் பாதரசம் தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. கண்ணைச் சுற்றிப் பூசுபவை தவிர மற்ற அழகுசாதனப் பொருள்களில், தவறிக் கலக்கும் பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம்.

தாய்மார்களே, பெண் பார்க்க வருகிறவர்கள் நிறத்தைக் கேட்பதும், அதற்காக லேபிள் இல்லாத கிரீம் டப்பாவை நாம் தேடிப்போவதும் நம் தெருக்களில் நடக்காததா? பெருநாளைக்குப் பிள்ளைகள் கையில் போடும் 'கறுப்பு மருதாணி'யும் அப்படித்தான். உண்மையான மருதாணி சிவக்குமே தவிர, ஒரு மணி நேரத்தில் கறுக்காது. கறுப்புக்காக அதில் தலைமுடிச் சாயத்துக்குரிய பிபிடி என்ற ரசாயனத்தைச் சேர்க்கிறார்கள். அது சில பிள்ளைகளின் தோலைக் கொப்புளிக்க வைக்கிறது. "இதைக் கலக்கமாட்டேன்" என்று முதலாளியிடம் சொல்லத் தெரிந்தவரும், ஏன் கலக்கக் கூடாது என்று எடுத்துக்காட்டத் தெரிந்தவரும் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் அங்கே போக வேண்டும் என்று நான் விரும்புவது இதற்காகத்தான்.

மார்க்கக் கேள்விகளுக்கும் இந்தப் படிப்பு தேவைப்படுகிறது. லேபிளில் 'சீட்டைல் ஆல்கஹால்' என்று பார்த்துவிட்டுப் பதறுகிறோம். அது போதை தரும் சாராயம் அல்ல. மெழுகு போன்ற கெட்டிப் பொருள். அதே சமயம் கிளிசரின் தாவர எண்ணெயிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். லிப்ஸ்டிக்கின் சிவப்பு சில சமயம் கார்மைன் என்ற பூச்சிச் சாயமாக இருக்கும். ஆலிம்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்றால், பொருள் எதுவென்று முதலில் ஒருவர் சரியாகச் சொல்ல வேண்டுமல்லவா?

இது நமக்குப் புதிய துறையும் அல்ல. அல்கிந்தி வாசனைப் பொருள்கள் தயாரிப்பது பற்றி நூல் எழுதினார். குர்துபாவின் அஸ்ஸஹ்ராவி தம் மருத்துவக் களஞ்சியத்தில் அழகுப் பொருள்களுக்கும் இடம் தந்தார். நம் நாட்டில் முஹம்மது மனால் 1930-ல் டேராடூனில் ஹிமாலயா நிறுவனத்தைத் தொடங்கினார். தாயாரின் நகைகளை அடகு வைத்து, கையால் இயக்கும் மாத்திரை இயந்திரம் வாங்கினார் என்பது அந்நிறுவனம் சொல்லும் வரலாறு. நம் தமிழ்நாட்டில் கடலூர் சி.கே. ரங்கநாதன், வேதியியல் படித்தவர், 1983-ல் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பு தொடங்கினார். அதுதான் இன்றைய கெவின்கேர்.

இனி வழியைச் சொல்கிறேன். பிளஸ் டூவில் வேதியியல் படித்தவர்கள் பி.எஸ்சி. வேதியியல், பி.பார்ம்., கெமிக்கல் இன்ஜினியரிங் மூன்றில் எதன் வழியாகவும் இத்துறைக்கு வரலாம். பக்கத்தில் கிருஷ்ணன்கோவிலிலேயே கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது. ராஜபாளையத்திலும் சிவகாசியிலும் கல்லூரிகள் இருக்கின்றன. வெளியூர் அனுப்ப முடிந்தவர்களுக்குத் திருச்சி ஜமால் முகமது கல்லூரி உண்டு. மேலே போக நினைப்பவர்கள் மும்பை இன்ஸ்டிடியூட் ஆஃப் கெமிக்கல் டெக்னாலஜியைக் கவனியுங்கள். எண்ணெய், சோப்பு வகைகளுக்கென்றே அங்கே பி.டெக். உண்டு. அத்தருக்குப் பெயர்போன கன்னோஜில் மத்திய அரசு உதவியுடன் நடக்கும் வாசனைப் பொருள் மையம் பயிற்சிகள் தருகிறது.

பட்டம் வாங்கியதும் புதிய கிரீம் கண்டுபிடிக்கச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் சில ஆண்டுகள் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் அளப்பதும் எழுதி வைப்பதும்தான் வேலை. சம்பளமும் தொடக்கத்தில் குறைவாகத்தான் இருக்கும். சென்னை, புதுச்சேரி, பெங்களூரு என்று வெளியூர் போக வேண்டியும் வரலாம். இதைத் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள்.

பெண் பிள்ளையை வெளியூர் அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நம் பகுதியில் எத்தனையோ சகோதரிகள் வீட்டிலேயே சோப்பும் கூந்தல் எண்ணெயும் செய்து விற்கிறார்கள். விற்பனைக்கு அழகுசாதனப் பொருள் தயாரிக்க, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். மருந்தியலோ வேதியியலோ படித்த ஒருவரின் மேற்பார்வையும் வேண்டும். தாயின் கைத்தொழிலைச் சட்டப்படி நிற்கும் தொழிலாக்க மகளின் படிப்பு உதவும். அவள் ஊரிலேயே இருந்தும் அதைச் செய்யலாம்.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வேதியியல் கேட்டால் "அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டு அனுப்பிவிடாதீர்கள். விண்ணப்பம், கல்வி உதவித்தொகை விவரம் அறிய, வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு மதிப்பெண் பட்டியலோடு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம். கற்ற கல்வியைக் கொண்டு பிறருக்குத் தீங்கு செய்யாத தொழிலை அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குத் தந்தருள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.